பொடிசுகள் போன திசை

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் அவனுக்குச் ‘சத்தம்’ என்று பெயர். வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் யாரோ விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பேசாமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டு என்று நினைக்கிறவன். அந்த ஒரு வாரம் மட்டும் அந்தச் சுகம் அவனைப் படுத்தியெடுத்தது.

அவன் வேலை, நட்சத்திரக் கொத்துகளைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது. நட்சத்திரங்கள் பெரும்பாலும் தனியாகப் பிறப்பதில்லை. ஒரே மேகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பிறந்து, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வெகுகாலம் சேர்ந்தே அலைகின்றன. அந்தக் கூட்டத்துக்குள் எந்த நட்சத்திரத்தையும் சுற்றாமல், கேட்பாரில்லாமல் திரிகிற சின்னக் கோள்களும் இருக்கின்றன. பிறந்த இடத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவை. கட்டுரைகளில் அவற்றுக்கு நீளமான பெயர் உண்டு. இரண்டாம் மாடியில் ‘பொடிசுகள்’ என்றால் போதும்.

கூட்டத்துக்குள் எல்லாரும் ஒரே மாதிரி நடமாடுவதில்லை. எடை மிகுந்த நட்சத்திரங்கள் எதிர்ப்படுகிற இலேசானவற்றுக்குத் தங்கள் வேகத்தைக் கொடுத்துக் கொடுத்துத் தளர்ந்து, நடுவில் போய் உட்கார்ந்துவிடும். வாங்கிக்கொண்டவை ஓரத்துக்கு ஒதுங்கும். பொடிசுகளிடம் கொடுக்க ஒன்றுமே கிடையாது, வாங்குவது மட்டும்தான். இதில் ஒரு விசித்திரம்: ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் எவ்வளவு சின்னது என்பது கணக்கிலேயே வராது. பெரிய கோளாக இருந்தாலும் கூழாங்கல்லாக இருந்தாலும் அதே அலைச்சல்தான். அதனால் அவனுடைய கணக்கில் பொடிசுகளுக்கு எடையே வைக்கவில்லை. பூஜ்யம் என்று போட்டுவிட்டால் கணினிக்கும் வேலை மிச்சம்.

கேள்வி இதுதான்: வயதான ஒரு கொத்தில், இத்தனை காலத்துக்குப் பிறகும் பொடிசுகள் மிச்சம் இருக்குமா, இல்லை எல்லாம் எப்போதோ வெளியேறிப் போயிருக்குமா?

கேட்டவர் அவனுடைய தங்கை கணவர். அதே நிலையத்தின் கீழ்த்தளத்தில் தொலைநோக்கிக்கான கேமராக்களைச் செப்பம் செய்து, அவற்றைக் கொண்டு வானத்தில் தேடுகிறவர். ஒரு காலத்தில் இருவரும் கல்லூரித் தோழர்கள். வாய் நிறைய ‘டா’ போட்டுப் பேசிக்கொண்டவர்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்த மறுநாளிலிருந்து இவனுக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு இவன் மச்சான். வாங்க, போங்க என்றாகிவிட்டது. முதல் ஒரு மாதம் இரண்டு பேருக்குமே சிரிப்பு தாங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

மாப்பிள்ளை குறிப்பிட்ட ஒரு கொத்தில் பொடிசுகளைத் தேடப் பெரிய தொலைநோக்கியில் சில இரவுகள் வாங்கி வைத்திருந்தார். தேடல் நடக்கும்வரை அவருக்கு இங்கே வேலை உண்டு. கைவிட்டால் இல்லை. இதற்கிடையில் கடல் தாண்டி ஒரு வானிலை நிறுவனம், நல்ல சம்பளத்தோடு அவரை வரச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வேண்டும் என்றது.

“மச்சான், இல்லாத பொருளைத் தேடிக்கிட்டு நான் குடும்பத்தைக் காயப்போட முடியாது,” என்றார் மாப்பிள்ளை. “உங்க கணக்கு இருக்குன்னு சொன்னா இருக்கேன். போயிடுச்சுன்னு சொன்னா நானும் போயிடுறேன்.”

புதன்கிழமை கணக்கு முடிந்தது. பொடிசுகள் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டிருந்தன.

அவன் படியிறங்கிப் போய் அதைச் சொன்னான். மாப்பிள்ளை கையிலிருந்த துணியால் ஒரு கண்ணாடிச் சில்லை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். “சரி,” என்றார் கடைசியில். “உண்மை தெரிஞ்சா நல்லதுதானே.” அன்று மாலை தங்கை அழுததாக மறுநாள் கேள்விப்பட்டான். அவனுக்குச் சொந்தம் என்று இருப்பது அந்த ஒரு வீடுதான். பெற்றவர்கள் இல்லை, கல்யாணம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கேட்பவர்களும் கேட்பதை விட்டாயிற்று. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவது அவனுடைய நாளில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு காரியம். அந்த வீட்டைத் தன் கையாலேயே கிளப்பி அனுப்பியிருக்கிறான்.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை கீழிருந்து கூப்பிட்டார். திங்கட்கிழமை அவர் கடைசியாக ஒரு உரை நிகழ்த்த வேண்டுமாம். “எல்லாம் ஓடிப்போன படம் ஒண்ணு போட்டுக் குடுங்க மச்சான். நல்லா கலர் கலரா இருக்கட்டும். எழவு வீடு மாதிரி இருக்க வேண்டாம்.”

கலருக்காகத்தான் அதைச் செய்தான். கிழக்கே போனவை சிவப்பு, மேற்கே போனவை நீலம், வடக்கே பச்சை, தெற்கே மஞ்சள். கணினிக்குள் கிழக்கும் மேற்கும் ஏது, எல்லாம் நாமாக வைத்துக்கொள்வதுதான். திரையில் படம் விரிந்ததும் அவன் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தான்.

முழுக்கச் சிவப்பு.

அங்கங்கே மற்ற நிறங்களில் சில புள்ளிகள். மற்றதெல்லாம் எண்ணெய் வைத்து ஒரே பக்கமாக வாரிவிட்ட தலை மாதிரி கிழக்கே சாய்ந்து கிடந்தது. உருண்டையான ஒரு கூட்டத்திலிருந்து தாமாக வெளியேறுகிறவை நாலா பக்கமும்தான் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வாசல் வைத்து யாரும் கட்டவில்லை.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணி போட்டுத் தெருவிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் விளக்கை மாட்டி, ஏணியை மடித்து, போயேவிட்டார். அதற்குப் பிறகுதான் இவன் கணினி நிரலைத் திறந்து ‘வேலி’யைத் தேடினான்.

வேலி என்பது கொத்தைச் சுற்றிக் கணக்கில் போட்டுவைத்த எல்லை. அதைத் தாண்டியது கூட்டத்தை விட்டுப் போய்விட்டது என்று பொருள். கணினி அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். அந்த வேலி எதைச் சுற்றிப் போட்டிருக்கிறது? கொத்தின் நடுவைச் சுற்றி இல்லை. தொடக்கத்தில் நடு எங்கே இருந்ததோ அந்த இடத்தைச் சுற்றி.

கொத்து ஒரே இடத்தில் நிற்கிற பொருள் இல்லையே. நடுவில் ஜோடி சேர்ந்த இரண்டு தடித்த நட்சத்திரங்கள் மூன்றாவது ஒன்றை வேகமாக வெளியே வீசினால், துப்பாக்கி சுட்டவன் தோளில் இடிக்கிற மாதிரி, மிச்சமுள்ள கூட்டம் மொத்தமும் எதிர்ப்பக்கம் மெல்ல நகரும். கண்ணுக்குத் தெரியாத நகர்வு. ஆனால் கோடிக்கணக்கான வருஷம் ஓடவிட்டால்? கூட்டம் கிழக்கே நகர்ந்துபோக, வேலி பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. கிழக்கு ஓரத்தில் இருந்த பொடிசுகள் வேலியில் இடித்ததும் காலி. மேற்கே இருந்தவையும் சும்மா இருக்காதே, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஒருநாள் கிழக்கே வரும். வந்ததும் அவையும் காலி. நட்சத்திரங்கள் உள்ளே அடங்கி இருப்பதால் தப்பித்தன. ஓரத்தில் பரவி வாழ்கிறவைதான் மொத்தமாக மாட்டிக்கொண்டன.

அப்படியானால் ஏன் யாருக்கும் தெரியவில்லை? நிரலில் ‘கணக்குப்பிள்ளை’ என்று ஒரு பகுதி உண்டு. உள்ளே இருந்த ஆற்றலும் வெளியே போன ஆற்றலும் சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். துளி பிசகினாலும் கத்தித் தீர்த்துவிடும். இந்த முறை அது வாயே திறக்கவில்லை. அவனும் அதை நம்பித்தான் முடிவைச் சொன்னான். பொடிசுகளுக்கு எடை பூஜ்யம். எடையே இல்லாதவன் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போனாலும் கணக்குப்பிள்ளைக்கு எங்கே உறைக்கப்போகிறது?

உடனே எழுந்து கீழே ஓட வேண்டும் என்று கால் துடித்தது. எழுந்தும்விட்டான். அப்புறம் உட்கார்ந்துவிட்டான்.

இது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். நேற்று முழுக்க, என் கணக்கில் தப்பு இருந்துவிடாதா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்குப் பார்த்து, எனக்குத் தோதான தப்பு, என் கண்ணிலேயே படுகிறது. வேறொருவன் இப்படி வந்து சொன்னால் நான் நம்புவேனா?

நம்ப மாட்டான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கணினியில் ஓடவிட்ட மூன்று ஓட்டங்கள் கைவசம் இருந்தன; படம் போட்டது முதலாவதை. ஒவ்வொன்றும் வெவ்வேறு தொடக்கத்திலிருந்து ஓடியவை. அவன் சந்தேகம் சரியென்றால், ஒவ்வொன்றிலும் பொடிசுகள் தொலைந்த பக்கமும் கூட்டம் நகர்ந்த பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தொலைந்த பக்கத்தை அவனே பார்த்தான். மூன்றும் மூன்று திசை. நாளைக்கு மனசு மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று, இடது மணிக்கட்டில் பேனாவால் மூன்று அம்புக்குறிகளைப் போட்டுக்கொண்டான். கூட்டம் நகர்ந்த பக்கத்தைத் தான் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தான். பக்கத்து அறைக்குப் போனான்.

அங்கே இருப்பவள் குழுவின் தலைவி. வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர்வரை எல்லாருக்கும் அவள் அக்கா.

“அக்கா, ஒரு உதவி.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். “நீயா வாயைத் திறந்து கேக்குறே? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?”

“மூணு ஓட்டத்தோட கடைசி நிலைமையை அனுப்பியிருக்கேன். நட்சத்திரம் மட்டும். நடு எங்க இருக்குன்னு உங்க வழியில நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லணும். எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி.”

“எதுக்கு?”

“சொல்ல மாட்டேன்.”

“இது நல்லா இருக்கே. வேலையும் வாங்குவே, விஷயத்தையும் சொல்ல மாட்டியா?”

“சொன்னா எனக்கு வேண்டியதைத் தேடிப் பார்ப்பீங்க.”

“அப்ப உனக்கு ஏதோ வேண்டியிருக்கு.” அக்கா அவனையே பார்த்தாள். “கீழ்த்தளத்துக்காரர் ஊரை விட்டுப் போறாராமே?”

அவன் சட்டைக் கையை மணிக்கட்டின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த மௌனத்தைப் படிக்க அக்காவுக்கு இத்தனை வருஷப் பழக்கம் போதும். “போ. காலையில சொல்றேன்,” என்றாள்.

திரும்பி வந்து, கொத்தின் நடுவோடு கூடவே நகரும்படி வேலியை மாற்றினான். முதல் ஓட்டத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓடவிட்டான். அது முடிய மறுநாள் மதியம் ஆகும்.

மாலையில் தங்கை வீட்டுக்குப் போனபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தங்கை அலமாரியைக் காலி செய்து தரையில் மூன்று குவியல் போட்டிருந்தாள்.

“இது எடுத்துக்கிட்டுப் போறது. அது யாருக்காவது குடுக்குறது. இந்தா, இது அண்ணன் தலையில கட்டுறது,” என்று காட்டினாள். மூன்றாவது குவியல்தான் பெரியது. மேலே ஒரு மேசை விசிறி. “கடகடன்னு ஓடும். உன் வீட்டுல யாராவது பேசட்டும்னுதான் குடுக்குறேன்.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

மருமகள் ஓடிவந்து மடியில் ஏறினாள். ஆறு வயது. “மாமா, கையில என்ன?”

“அம்பு.”

“எதுக்கு?”

“நாளைக்குப் பார்க்க.”

அவளுக்கு அது போதுமான காரணமாக இருந்தது. பேனாவைப் பிடுங்கி, பக்கத்திலேயே தானும் ஒரு கோணல் அம்பு போட்டாள். “அங்க ஸ்கூல்ல நீச்சல்குளம் இருக்காம் மாமா. நீ வந்து பாப்பியா?” அவன் அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டான்.

மாப்பிள்ளை குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தார். “படம் என்னாச்சு மச்சான்?”

“நாளைக்குத் தரேன்.”

“நிதானமாத் தாங்க. நானும் அந்தக் கம்பெனிக்கு வரேன்னு எழுதி வெச்சாச்சு. நாளைக்குச் சாயங்காலம் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.”

அனுப்ப வேண்டாம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அவன் தங்கையைப் பார்த்தான். ஒரு தடவை அழுது முடித்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு துணி மடிக்கிறாள். இப்போது இருக்கிறது என்று சொல்லி, நாளை மதியம் இல்லை என்றாகிவிட்டால் இரண்டாவது தடவையும் அழவேண்டி வரும். அதுவும் இவனால். வார்த்தையை விழுங்கினான்.

“என்னண்ணே, இன்னிக்கு ரொம்ப அதிகமா இருக்கு?” என்றாள் தங்கை.

“எது?”

“நீ பேசாம இருக்கறது.”

அன்று பத்து வார்த்தைக்கு மேல் பேசாமலே எழுந்து வந்தான். படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தான். தன் ஆசையையும் தன் கண்ணையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய இம்சை என்று அன்றைக்குத் தெரிந்தது.

காலையில் அக்கா அவனுக்கு முன்னால் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“முதல் ஓட்டத்துல கிழக்கே போயிருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, உன் வேலியோட அகலத்துல கால்வாசி தூரம். ரெண்டாவது தெற்கே. மூணாவது வடமேற்கு. சொல்லு, பாஸா ஃபெயிலா?”

“பொடிசுங்க தொலைஞ்ச பக்கம்,” என்று அவன் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினான். அக்கா குனிந்து பார்த்தாள். கிழக்கு. தெற்கு. வடமேற்கு.

“நாலு இருக்கே?”

“நாலாவது மருமகள் போட்டது.”

“அது மட்டும்தான் பொருந்தல. சின்னப் பிள்ளை, மன்னிச்சுடலாம்.” அக்கா நாற்காலியைச் சுழற்றித் திரைப் பக்கம் திரும்பினாள். “அப்ப வேலிதான் காரணம். யாரு போட்ட வேலி இது, கூறு கெட்ட வேலை?”

அவன் தொண்டையைச் செருமினான். நிரலின் அந்த வரிக்குப் பக்கத்தில் போட்டவர் பெயரின் முதலெழுத்து இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

“நான் படிச்சுக்கிட்டிருந்தப்ப போட்டது,” என்றாள் மெதுவாக. “அப்பல்லாம் நூறு நட்சத்திரத்தை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுவோம். அது எங்க நகரப் போகுதுன்னு…” பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். “என் வேலியை என்னை விட்டே பிடுங்க வெச்சுட்டியேப்பா. அதான் நேத்து வாயைத் திறக்கலையா?”

“அதுவும்தான்.”

“இப்பவாவது கீழ போய்ச் சொல்லு.”

“புது ஓட்டம் மதியம் முடியும். அதையும் பார்த்துட்டு.”

“சந்தோஷமான விடை வந்தா ரெண்டு தடவை பாருன்னு சொல்லிக் குடுத்தது நான்தான். அதுக்காக இப்படியா,” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள்.

மதியம் ஓட்டம் முடிந்தது. அவன் முதலில் படத்தைத்தான் பார்த்தான். நான்கு நிறமும் கலந்து நாலா பக்கமும் தூவினாற்போல் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு பொடிசுகள் நிஜமாகவே போயிருந்தன. மிச்சமெல்லாம் கூட்டத்தோடு கூட நகர்ந்து, கூட்டத்தின் ஓரத்தில், நட்சத்திரங்களைவிட அகலமாகப் பரவி இருந்தன. அவன் மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான்.

மாப்பிள்ளை ஒரு கேமராவைத் திறந்து வைத்து, மூச்சுக்கூடப் படாமல் குனிந்திருந்தார்.

“இருக்கு,” என்றான் அவன்.

“என்ன இருக்கு?”

“பொடிசுங்க. மூணுல ரெண்டு பங்கு இருக்கு. நான் சொன்னது தப்பு. கூட்டம் நகர்ந்திருக்கு, வேலி நகரல. நகராத வேலி எல்லாத்தையும் தின்னுடுச்சு.” இவ்வளவு வார்த்தைகளை ஒரே மூச்சில் அவன் பேசி மாப்பிள்ளை கேட்டதில்லை. “நடுவுல தேடினா கிடைக்காது. ஓரத்துல, பரவலா இருக்கு. நீங்க பார்க்கிற இடத்தை மாத்தணும். கஷ்டமா இருக்கும். ஆனா இருக்கு.”

மாப்பிள்ளை கேமராவை மூடியால் மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“எப்பத் தெரியும்?”

“சந்தேகம் நேத்துக் காலையில.”

“நேத்துக் காலையிலயா?” மாப்பிள்ளையின் குரல் ஏறவில்லை, ஆனால் இறுகியது. “நேத்து என் வீட்டுல வந்து உக்காந்திருந்தியேடா. அவ துணி மடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தியே. வாயில என்ன வெச்சிருந்தே?”

வருஷக்கணக்காக இல்லாத ‘டா’. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

“தப்பா இருந்துட்டா என்ன பண்றது? நீங்க போகக் கூடாதுன்னு நான் ஆசைப்பட்டேன். அந்த ஆசை கண்டுபிடிச்ச தப்பா இது, நான் கண்டுபிடிச்சதான்னு எனக்கே தெரியல. தெரியாம வந்து எப்படிச் சொல்றது?”

மாப்பிள்ளை கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கிட்டே வந்து இவன் தோளைப் பிடித்தார்.

“நாங்க போகக் கூடாதுன்னு ஆசைப்பட்டீங்களா?”

“ம்.”

“அதை ஒரு வார்த்தை புதன்கிழமையே சொல்லியிருக்கலாம். அதுக்குமா கணக்குப் போட்டுப் பார்க்கணும்?”

தங்கைக்கு மாப்பிள்ளைதான் போன் செய்தார். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் கிளினிக் அடுத்த தெருவில். விஷயத்தைக் கேட்டதும் பதிலே சொல்லாமல் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சீருடையோடு நேரிலேயே வந்து நின்றாள். மூவரும் நிலையத்தின் பின்புறப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

“நிஜமாவா அண்ணே?”

“நிஜம்.”

“திரும்பவும் நாளைக்கு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டியே?”

“கொத்துல இருக்கு, அது நிச்சயம். இவர் கண்ணுல படுமான்னு எனக்குத் தெரியாது.”

“கண்ணுல படலைன்னா அது என் பாடு,” என்றார் மாப்பிள்ளை. “தேடிப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்றதுல எனக்கொண்ணும் கேவலம் இல்ல.”

தங்கை நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “நான் டாக்டர்கிட்ட வேலைய விடுறேன்னு சொல்லிட்டேனே. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திரும்பக் கேக்குறது?”

“இருக்குற மூஞ்சிய வெச்சுத்தான்,” என்றார் மாப்பிள்ளை.

அவள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பலமாகவே வைத்தாள். பிறகு அவர் போனை வாங்கி, ‘வருகிறேன்’ என்று எழுதி வைத்திருந்ததை அழித்தாள். வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அனுப்பிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

எதிரே மதில்மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ இழுப்பறையைத் திறந்து மூடினார்கள்.

“ரெண்டு நாளா சோறு இறங்கல,” என்றாள் தங்கை. “இப்பப் பசிக்குது பாரு, உயிர் போற மாதிரி.”

மாப்பிள்ளை எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டார். “அப்ப வாங்க. பிள்ளையையும் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிக்கிட்டுப் போய் ஒரே இடத்துல உக்காந்து சாப்பிடுவோம்.”